கொழும்பில் விட்டுவந்த வாக்கியம்

நாகர்கோவில்காரனிடம் கொழும்பை வெளிநாடு என்று சொன்னால் கொஞ்சம் சிரிப்பு வரும். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், எங்களுக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். ஆனாலும் அந்தப் பக்கத்து ஊரைப் பார்க்க நான் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொலைபேசித் துறையில் வாழ்நாளெல்லாம் குப்பை கொட்டியவன் நான். இப்போது எங்கள் கடற்கரை ஊர்களின் மீனவர் கூட்டமைப்புக்கு, அலைவரிசை, கோபுரம் என்று வருகிற காகிதங்களைப் படித்து அர்த்தம் சொல்லும் ஆள். அந்தத் தகுதியில்தான் அழைப்பு வந்தது. செயற்கைக்கோள் இணையம் எல்லா நாடுகளுக்கும் நியாயமாகக் கிடைப்பது எப்படி என்று தெற்காசிய நாடுகள் மூன்று நாள் கூடிப் பேசப்போகின்றன, நீங்கள் பார்வையாளராக வந்து உட்காரலாம் என்றார்கள்.

"வானத்துல போறதுக்குக் கொழும்புல என்ன கூட்டம்?" என்றாள் என் மனைவி.

கேள்வி நியாயமானதுதான். செயற்கைக்கோள் எல்லா நாட்டுக்கு மேலும்தான் பறக்கிறது. ஆனால் கீழே ஒரு டிஷ்ஷை வைத்து அதைப் பிடிக்க ஒவ்வொரு நாடும் தனித்தனியாக அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாத எல்லைக்குள் டிஷ் நுழைந்தால் கம்பெனியே சேவையை நிறுத்திவிடும். மேலே எந்தப் பாதை, எந்த அலைவரிசை என்பதோ, பெரும்பாலும் முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற கணக்கு. பந்திக்கு முந்து என்கிற நம் பழமொழிதான் அங்கேயும் சட்டம். சிறிய நாடுகள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் இலையை எடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். "சரி, தொப்பியை மறக்காம எடுத்து வையுங்க" என்றாள்.

வெள்ளவத்தையில் தங்கினேன். காலி வீதியில் நின்றால் புடவைக் கடையும் நகைக் கடையும் சைவச் சாப்பாட்டுக் கடையுமாக எந்த ஊரில் இருக்கிறோம் என்றே மறந்துபோகும். ஏதாவது ஒரு சந்துக்குள் திரும்பினால் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். எங்கள் ஊரில் கடலுக்குப் போவதென்றால் கிளம்பிப் போக வேண்டும். இங்கே துணி காயப்போடுகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

முதல் நாள் காலை இடியப்பமும் சொதியும் சிவந்த தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டேன். நாங்கள் இடியப்பத்தைச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் சாப்பிடுகிறவர்கள். இந்தச் சம்பல் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தியாவா? கொஞ்சம் சொதி கூட விடட்டுமா?" என்று பாத்திரத்தோடு வந்தார்.

கூட்டம் அடுத்த ரயில் நிலையமான பம்பலப்பிட்டியில், கடலைப் பார்த்த ஓட்டலில். ஒரே ஒரு நிலையம்தானே என்று அலுவலக நேரத்து ரயிலில் ஏறினேன். ஏறியது நானில்லை, பின்னால் இருந்த கூட்டம் என்னை ஏற்றியது. பம்பலப்பிட்டி வந்தது, நின்றது, போனது. நான் இரண்டு முதுகுகளுக்கு நடுவே நின்று அதைப் பார்த்தேன். "பக்கத்திலே இறங்குகிறவர் உள்ளே வரக் கூடாது, கதவிலேயே தொங்க வேண்டும்" என்று ஒரு பெரியவர் சிங்களத்தில் சொல்ல, அருகிலிருந்த பெண் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். கொள்ளுப்பிட்டியில் இறங்கி, கடலோரமாகத் திரும்பி நடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஏசி அறையில் வட்ட மேஜை. 'இணைக்கப்படாதவர்கள்' என்ற சொல் அன்று காலை முழுவதும் அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. இணைக்கப்படாதவர் யாரும் அறையில் இல்லை. தேநீருக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர் பேசுவார் என்று அறிவித்தார்கள்.

பேச எழுந்தவர் பெயர் பிலோமினா. கொழும்புத் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர், கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் கிளார்க். தமிழில் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னவர் ஜயந்த. இலங்கைக் குழுவில் வந்திருந்த சிங்கள அதிகாரி. கிராண்ட்பாஸில் தமிழர்களும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும் தெருவில் வளர்ந்ததால் தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"என்ட தம்பி அன்ரனும் என்ட ஹஸ்பண்டும் ஒரே போட்ல போறவங்க" என்று பிலோமினா தொடங்கினார். "மல்டிடே போட். போனா திரும்பி வர ஒரு மாசமும் ஆகும். முதலாளி கூரையில டிஷ் ஒண்டு பூட்டிக் குடுத்தவர். அதால தினமும் கதைப்பாங்க. போன வருஷம் நடுக்கடல்ல எஞ்சின் நிண்டுட்டு. அதைப் பாக்கப் போய், வலை இழுக்கிற வின்ச்சில தம்பிட கால் மாட்டிட்டு. ரத்தம் நிக்கேல்ல. முதலாளி ஒரு டொக்டரை வீடியோ கோல்ல எடுத்துக் குடுத்தார். எங்க கட்டணும், எப்பிடி இறுக்கணும் எண்டு டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதே கோல்ல இருந்தனான். அக்கா, நோகுது எண்டு தம்பி என்னைப் பாத்துச் சொன்னான். அப்ப கட் ஆகிட்டு."

கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

"டிஷ் பழுதாகேல்ல. இந்த இடத்துக்குச் சேவை இல்ல எண்டு போன்ல எழுத்து வந்திச்சாம். போட் நீரோட்டத்தில இழுபட்டு அடுத்த நாட்டுக் கடலுக்குள்ள போயிட்டு. அங்க அந்தக் கம்பெனிக்கு பர்மிட் இல்லையாம். பிறகு ஒரு கப்பல் கண்டு எல்லாரையும் ஏத்தினது. அதுக்குள்ள தம்பி இல்ல."

அடுத்த நாட்டுக் கடல் என்று அவர் நாகரிகமாகச் சொன்னார். அது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடல். நான் சாயங்காலம் பஸ் ஏறிப் போய்க் காற்று வாங்குகிற கடல். அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

சாப்பாட்டு வேளையில் அவரைத் தேடிப் போய் நான் கன்னியாகுமரிப் பக்கத்து நாகர்கோவில் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கன்னியாகுமரியா? என்ட ஹஸ்பண்ட் சொல்றவர், ராவில உங்கட லைட்ஹவுஸ் தெரியுமாம்" என்றார். பிறகு, "சேர், கைதட்டினாங்க. இனி என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

என்ன செய்யலாம் என்று நானும் ஜயந்தவும் அன்று மாலை உட்கார்ந்தோம். கூட்டத்தின் முடிவில் ஒரு பொது அறிக்கை வரும். உலக நாடுகள் எல்லாம் கூடி அலைவரிசை பங்கிடும் பெரிய மாநாட்டுக்கு அது இந்தப் பிராந்தியத்தின் குரலாகப் போகும். அதில் ஒரே ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். பிலோமினா தமிழில் சொன்னார், ஜயந்த எழுதினார், நான் ஒன்றிரண்டு சொற்களைத் திருத்தினேன். 'கடலில் உயிராபத்தில் இருக்கும் படகின் அழைப்பை, அது எந்த நாட்டுக் கடலானாலும், அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தச் செயற்கைக்கோள் சேவையும் துண்டிக்கக் கூடாது.' தந்தி கொடுக்கிற மாதிரிச் சுருக்கமாக வந்துவிட்டது என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டாம் நாள் அந்த வாக்கியத்துக்கு அடைப்புக்குறி விழுந்தது. பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதி எழுந்து, ஆபத்து என்று பொய் சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் எங்கள் கடலுக்குள் வந்து பேசலாமா என்று கேட்டார். அவரும் கெட்ட மனிதரல்ல. ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவது அவர் வேலை. ஆனால் இப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஆட்சேபித்தால் வாக்கியத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவார்கள். கடைசி வாசிப்பில் அதைத் தலைவர் படிப்பார். ஏதாவது ஒரு நாட்டுப் பிரதிநிதி 'இது இருக்கட்டும்' என்று சொல்லி, வேறு யாரும் எதிர்க்காவிட்டால் குறி போய் வாக்கியம் நிற்கும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் குறியோடு வாக்கியமும் போய்விடும். பார்வையாளர்களுக்கு அப்போது வாய் கிடையாது. என்னைப் போன்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அன்று முழுவதும் ஜயந்த அந்தப் பிரதிநிதியைத் தேநீர் மேஜைக்கும் வராந்தாவுக்குமாகத் துரத்தினார். மாலையில் என்னிடம் ஓடி வந்தார். "அய்யே, வேலை சரி!" என்றார். அய்யே என்றால் சிங்களத்தில் அண்ணன். "அவருக்கு சப்போட் பண்ண ஏலாதாம். ஆனா நான் எழும்பிக் கதைச்சா அவர் சும்மா இருப்பாராம். கை குடுத்தார். நாளைக்கு மூண்டு மணிக்குக் கடைசி வாசிப்பு. நான் ஒரு வசனம் சொன்னாப் போதும்."

சந்தோஷத்தில் காலி வீதியில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்துகிற அந்தச் சத்தத்தை மதுரையிலும் கேட்டிருக்கிறேன், ஆனால் இங்கே கொத்துகிறவர் ஒரு தாளம் போட்டுக்கொண்டே கொத்தினார். ஜயந்த தன் பங்கு போதாமல் என் தட்டிலும் கை வைத்தார். நாளைய வெற்றிக்கு இன்றைக்கே விருந்து சாப்பிட்டுவிட்ட மாதிரி இருந்தது.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதே பிலோமினா ஜயந்தவின் போனுக்கு அழைத்து, என்னிடமும் பேசினார். அன்ரன் போய் மறுநாளோடு ஒரு வருஷம். காலையில் கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் நினைவுத் திருப்பலி, அது முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. இரண்டு பேரும் வர வேண்டும்.

"மூண்டு மணிக்கு முதல் விட்டுடுவன் அண்ணன்" என்றார். அதுவரை சேர், சேர் என்றவர் முதல் தடவையாக அண்ணன் என்றார்.

நான் ஜயந்தவைப் பார்த்தேன். "எங்கட ஆக்களிட தானம் மாதிரித்தானே அய்யே" என்றார் அவர். "செத்தவருக்காகக் குடுக்கிற சாப்பாடு. வேணாம் எண்டு சொன்னா பாவம். காலையில கூட்டத்தில நம்மட விஷயம் இல்ல, அறிக்கையில வேற வேற பகுதி. போயிட்டு வரலாம்." எங்கள் ஊரிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைத்தும் போகாதவனை அடுத்த தலைமுறைவரை பேசுவார்கள்.

மூன்றாம் நாள் ஒரு ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். வெள்ளவத்தையின் கண்ணாடிக் கடைகளைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு கொழும்பு. லாரிகள், துறைமுகத்துக் கன்டெய்னர்கள், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் மணி, இந்தப் பக்கம் மாதா சுரூபம், கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். மாதா கோயில் வாசலில் ஜயந்த செருப்பைக் கழற்றப் போனார். இங்கே கழற்ற வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். "அப்ப போனையாவது நிப்பாட்டுவம்" என்று மரியாதையாகப் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். எனக்கு அந்தத் தொல்லையும் இல்லை. மூன்று நாளுக்கு எதற்கு இலங்கை சிம் என்று வாங்காமலே விட்டிருந்தேன். தங்குமிடத்து வைஃபை போதும் என்று நினைத்தேன். தொலைபேசித் துறைக்காரனின் கஞ்சத்தனம் அது.

பாதிரியார் அன்ரனின் பெயரை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பிலோமினாவின் கணவர் ராஜன் தலையை நிமிர்த்தினார். படகில் அன்ரனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். பருத்த தோள்கள், பேச்சு மிகக் குறைவு. வெளியே வந்ததும் என் கையை இறுகப் பிடித்து, "வாங்க" என்றார். அவ்வளவுதான்.

வீடு ஒரு மாடி வரிசையில் இரண்டு அறைகள். வழியிலும் படியிலும் ஆட்கள். முதல் தட்டைப் பாதிரியாருக்கும், அடுத்த தட்டுகளைத் தெருவில் உதவியில்லாமல் இருக்கும் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போட்டார்கள். மஞ்சள் சோறு, கோழிக் கறி, பொரித்த கத்தரிக்காயைப் புளிப்பும் இனிப்புமாகப் பிரட்டிய மோஜு, பருப்பு, அப்பளம். எங்கள் பக்கத்துத் துக்கச் சாப்பாட்டில் கோழியைக் கண்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இங்கே செத்தவருக்குப் பிடித்ததைத்தான் சமைக்க வேண்டுமாம். அன்ரனுக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் இருந்தது.

ஒன்றைத் தவிர. பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வட்டிலாப்பம் வர வேண்டியிருந்தது. அன்ரனுக்கு அதென்றால் உயிர். அவன் இருந்த காலத்திலும் அந்த வீட்டம்மாதான் முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் பனங்கருப்பட்டியும் போட்டுச் செய்து கொடுப்பாராம். அன்றைக்கு அவிய நேரமாகிவிட்டது. ஜயந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் முன்பு.

"வட்டிலாப்பம் சாப்பிடாம எழும்ப வேணாம்" என்றார் பிலோமினா. "இப்ப வந்திடும். தம்பிக்குச் செஞ்சது."

"மூண்டு மணிக்குத்தானே" என்றார் ஜயந்த என்னைப் பார்த்து. நானும் ஆமாம் என்றேன். வட்டிலாப்பம் வந்தது. நான் அவ்வளவு மென்மையான ஓர் இனிப்பைச் சாப்பிட்டதில்லை. ஜயந்த இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பிலோமினா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்களும் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும்போது ஓட்டோவில் ஏறியதும் ஜயந்த போனை எடுத்தார். படித்தார். போனை என்னிடம் நீட்டினார். கூட்டத்துக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. சில பிரதிநிதிகளுக்கு மாலை விமானத்துக்கு முன்பு கடைக்குப் போக வேண்டியிருப்பதால், கடைசி வாசிப்பு ஒன்றரை மணிக்கு மாற்றப்படுகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லவும். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

இணையம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று பேசப் போனவர்கள் நாங்கள். எங்கள் இரண்டு பேருக்கு அது எட்டவில்லை.

பம்பலப்பிட்டி ஓட்டலில் நுழைந்தபோது வட்ட மேஜையில் பூச்சாடிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் நல்லவர், எங்களை உட்காரச் சொன்னார். "வாக்கியத்தைப் படித்தேன், சுற்றிலும் பார்த்தேன், யாரும் எதுவும் சொல்லவில்லை" என்றார். இலங்கைக் குழுவின் மற்ற இருவர் வேறு பகுதிகளைப் பார்த்தவர்கள், இதை ஜயந்த பேசுவார் என்றே இருந்துவிட்டார்கள். எதிர்த்த பிரதிநிதி கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தார். அவரும் சும்மாவே இருந்தார்.

ஜயந்த கெஞ்சினார். நிறைவேறிய வாசகத்தைத் திரும்பத் திறந்தால் மற்ற நாடுகளும் தங்களுடையதைத் திறக்கச் சொல்லும் என்றார் தலைவர். வேண்டுமானால் பின்னிணைப்பில், பார்வையாளர் ஒருவர் கடல் பாதுகாப்புப் பற்றிக் கருத்துத் தெரிவித்தார் என்று போடலாம் என்றார். யார் அது, என்ன கருத்து என்று எதுவும் இருக்காது. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"போன்ல சொல்லிடலாமா?" என்று ஜயந்த கேட்டார். முடியாது, நேரிலேயே போகலாம் என்றேன். மாலை நெரிசலில் மறுபடியும் கொட்டாஞ்சேனை. ஓட்டோக்காரர் வழியெல்லாம் சிங்களத்தில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். ஜயந்த அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிலோமினா பெரிய பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் ஆவல். "நிண்டுட்டா?" என்றார்.

நான்தான் சொன்னேன். "இல்லைம்மா. நேரத்தை முன்னால மாத்திட்டாங்க. நாங்க போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஜயந்த பேசியிருந்தா நின்னிருக்கும்."

"எத்தின மணிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "ஒன்றரைக்கு" என்றேன்.

அவர் சுவரோரம் இருந்த வட்டிலாப்பச் சட்டியைப் பார்த்தார். ஜயந்த, "அக்கா, உங்கட பிழை இல்ல, என்ட போன்..." என்று ஆரம்பித்தார். அவர் கையமர்த்தினார். "தம்பிட முதல் வருஷம். கூப்பிடாம இருக்க ஏலாது. நீங்களும் வராம இருக்க ஏலாது" என்றார். எங்களைத் தேற்றுகிற குரலில்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"திரும்ப எப்ப இப்பிடிக் கூடுவாங்க?" என்று கேட்டார்.

"அந்தப் பெரிய மாநாடு முடிஞ்சு, அடுத்தது வர நாலு வருஷம் ஆகும்மா. அதுக்கு முன்னால எழுதிக்கிட்டே இருப்போம்" என்றேன். எழுதுவது என் கையில் இருக்கிறது. யாராவது படிப்பார்களா என்பது என் கையில் இல்லை.

உள்ளே ராஜன் பையில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை படகு கிளம்புகிறது. பிலோமினா கதவருகே போய் நின்றார். "இந்த முறை எந்தப் பக்கம் போறீங்க?"

"போன முறை போன பக்கந்தான்."

"கொஞ்சம் இங்கால நிண்டா ஏலாதா?"

"மீன் அங்கதானே நிக்குது" என்றார் ராஜன்.

பிலோமினா திரும்பி எங்களைப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிற முகம்.

"அப்ப நாலு வருஷத்துக்கு எஞ்சின் பழுதாகாம இருக்கணும்" என்றார்.